கொட்டகையில் எழுந்த சிரிப்பு

"தாத்தாவுக்கு என்ன வயசு, சார்?"

'இந்தியன் 2' வெளிவந்த 2024 ஜூலைத் திங்களில், சாத்தாங்காட்டில் நம்மிடம் பயிலும் சிறுவன் ஒருவன் கேட்ட கேள்வி இது. முதற்படம் வந்த 1996-லேயே சேனாபதி எழுபதைக் கடந்த முதியவர். அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. நீயே கூட்டிப் பார், என்றோம். கூட்டினான். "நூறு வருது சார்" என்று திகைத்து நின்றான். பக்கத்திலிருந்தவனோ, "நூறு வயசுல எங்க தாத்தா போட்டோவுலதான் சார் இருப்பாரு" என்றான். வகுப்பு முழுதும் சிரித்தது. அடக்கவேண்டிய நாமும் சேர்ந்து சிரித்துவிட்டோம்.

அதே சிரிப்பை, அதற்குச் சில நாட்கள் முன்னர், திருவொற்றியூர்க் கொட்டகை ஒன்றிலும் கேட்டிருந்தோம். நகைச்சுவைக் காட்சிக்கு எழுந்த சிரிப்பன்று அது. நரைத்த தலையும் சுருங்கிய முகமும் கொண்ட கதைத் தலைவர், மேற்சட்டையைக் களைந்து, கழுத்துக்குக் கீழே காளைப் பருவத்தானின் மார்பும் வயிறுமாகக் காட்சி தந்த இடம் அது! சீழ்க்கை பறக்கும், கைதட்டல் கூரையைப் பிளக்கும் என்று படமெடுத்தோர் எண்ணியிருப்பர். எழுந்ததோ சிரிப்பு. ஒற்றைச் சக்கர வண்டியொன்றில் ஏறி அவர் தெருத்தெருவாகப் பறந்தபோது அது மீண்டும் எழுந்தது. ஏளனமா? முழுதும் ஏளனமென்று கூறிவிட முடியாது. ஏமாற்றமா? அதுவும் கலந்திருந்தது. நெடுநாள் பாராத உறவினர் வீட்டுக்கு வந்து, தம் வயதை மறைத்துப் பேசத் தொடங்கினால், பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்களே, அப்படியொரு சிரிப்பு.

படம் கொட்டகையைவிட்டுப் போய் நெடுநாளாயிற்று. வெளியான சில நாட்களிலேயே ஏறத்தாழ 12 நிமிடக் காட்சிகளை வெட்டியெறிந்து பார்த்தார்கள், பயனில்லை. இன்று அலைபேசிகளில் துண்டு துண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. சிரிப்பும் உடன் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சிரிப்பின் பொருள் யாது என்பதைச் சற்று ஆராய விழைகிறோம்.

கற்றறிந்தோர் சிலர் அதற்கு இரு விளக்கங்கள் தருகின்றனர். ஒன்று: மக்களுக்கு முதுமை பிடிக்கவில்லை, இளைஞன் அடித்தால் பார்ப்பார்கள், கிழவன் அடித்தால் நகைப்பார்கள், நன்றி கெட்ட கூட்டம் என்பது. மற்றொன்று: பாமரர்க்குக் கற்பனையின் நுட்பம் விளங்கவில்லை, கதை என்றால் கதைதானே, நூறு வயதுக்காரர் ஏன் பாயக்கூடாது என்பது. இயக்குநர் சங்கரே, படம் வெளிவருமுன், சீனத்தில் நூறைத் தாண்டியும் தற்காப்புக் கலை பயின்ற ஆசான் ஒருவரை எடுத்துக்காட்டி, இக்கேள்விக்கு விடையிறுத்தார்.

இவ்விரு விளக்கங்களும் நமக்கு உடன்பாடல்ல. ஏன் என்பதைச் சொல்லுமுன், சிரித்தவர்கள் யார் என்று பார்க்கவேண்டும்.

சாத்தாங்காடு எத்தகைய ஊர் என்பதை வடசென்னையார் அறிவர். இரும்பு எஃகுச் சந்தை இங்கேதான் இருக்கிறது. கம்பிக் கட்டுகளும் தகடுகளும் கிரேனில் தொங்க, கனத்த லாரிகள் மணலிச் சாலையை நாளெல்லாம் அரைத்துக்கொண்டிருக்கும். தோளையும் இடுப்பையும் விற்றுப் பிழைக்கும் தோழர்கள் வாழும் இடம். உடம்பு என்பது என்ன, எந்த வயதில் அது எதைச் செய்யும், எதைச் செய்ய மறுக்கும் என்பதை இவர்களுக்கு எந்தச் சீன ஆசானும் சொல்லித்தர வேண்டியதில்லை. அறுபதை எட்டிய சுமைத் தொழிலாளர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "சினிமான்னு தெரியும் சார். ஆனா என் தோளு தெனமும் என்கிட்ட ஒண்ணு சொல்லுதே, அதைப் பொய்யின்னு இந்தப் படம் சொல்லுது. அதான் சிரிச்சேன்."

அவர் மேலும் ஒன்றைச் சொன்னார். 2020 பிப்ரவரி 19-ஆம் நாள் இப்படத்தின் படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூவர் மாண்டனர் அல்லவா? இரும்புச் சந்தைக்காரர்கள் அச்செய்தியை மறக்கவில்லை. திரையிலே கதைத் தலைவர்மேல் எது விழுந்தாலும் எழுந்து நிற்கிறார். திரைக்குப் பின்னால் நின்றவர்கள் எழவில்லை. "அதை நெனச்சா சண்டையைப் பார்க்கவே கை வரல" என்றார். இப்படியும் ஒரு பார்வையாளர் கருத்து உண்டு. ஏடுகளின் மதிப்புரைகளில் இதை நாம் காணவில்லை.

முதுமை பிடிக்காதவர்கள் என்றால், இதே மக்கள் 1996-இல் சேனாபதியை ஏன் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்? அன்றும் அவர் கிழவர்தான். நாற்பத்தொரு வயதுக் கமல்ஹாசன், அயல்நாட்டு ஒப்பனைக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோர் கைவண்ணத்தில், மணிக்கணக்கில் அமர்ந்து முகத்தைக் கிழமாக்கிக்கொண்டார். சிரிப்பு எழவில்லையே! கொட்டகைகள் அதிர்ந்தனவே! அந்த நடிப்புக்கு நாட்டின் சிறந்த நடிகர் விருதும் வந்ததே!

காரணம் எளியது. அன்றைய சேனாபதி கிழவராகவே நடந்தார். நேதாஜியின் படையில் நின்றவர் என்னும் வரலாறு அவருக்கு இருந்தது. அந்த வரலாற்றிலிருந்து அவருடைய கைப்பழக்கம் வந்தது. அவர் ஓடவில்லை, பாயவில்லை, மார்பைக் காட்டவில்லை. வேட்டி சட்டையோடு அமைதியாக வந்து, இரு விரல்களை வளைத்து, இருக்கவேண்டிய இடத்தில் வைத்தார்; அவ்வளவே. வலிமை குறைந்தவனுக்கு அறிவு துணை நிற்கும் கலை வர்மம் என்பது அந்தக் காட்சிகளில் துலங்கியது. கிழவர் கையில் அது ஏன் பொருந்தியது? பத்துப் பேரைத் தூக்கியெறியும் வலிமை அதற்கு வேண்டுவதில்லை, பதற்றமின்மை வேண்டும். அஃது இளைஞனைவிட முதியவனிடம் மிகுதி.

அதற்கும் மேலாக, அவருடைய சினத்துக்கு ஒரு முகம் இருந்தது. தீயில் வெந்த மகள் கஸ்தூரி, கையூட்டுக் கொடுக்க மறுத்ததால் மருத்துவமின்றி மடிகிறாள். பின்னர், ஓட்டை வண்டிக்குத் தகுதிச் சான்று தந்து பள்ளிப் பிள்ளைகளின் உயிருக்கு உலைவைத்த சொந்த மகனையே அவர் தண்டிக்கிறார். நம் ஊர் லாரி ஓட்டுநர்கள் அந்தக் காட்சியை இன்றும் பேசுகிறார்கள். தடை பிடிக்காத வண்டி என்றால் என்னவென்று அறிந்தவர்கள் அவர்கள். படம் வெளிவந்தது 1996 மே திங்களில். அதே மே திங்களில்தான், ஊழலுக்கு எதிராகத் தமிழகம் வாக்குச் சீட்டால் ஓர் ஆட்சியைத் தூக்கியெறிந்தது. கொட்டகையிலே தட்டிய கைதான் வாக்குச் சாவடியிலும் முத்திரை குத்தியது என்றால் மிகையாகாது.

2024-இன் சேனாபதிக்கு மகளுமில்லை, மகனுமில்லை. சினம் மட்டும் கடன் வாங்கியதுபோல் இருக்கிறது. தைவானிலிருந்து வருகிறார். யார் யாரோ கொள்ளையர் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறார். ஒவ்வொருவரையும் தேடிச்சென்று தொடுகிறார். தொட்டால் என்ன ஆகிறது? ஒருவன் குதிரையைப்போல் கனைத்துக்கொண்டு ஓடி ஓடியே சாகிறான்!

இங்கேதான் நம் முதன்மையான குறை தொடங்குகிறது. வர்மம் குமரிப் பகுதி ஆசான்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கலை. சித்த மருத்துவத்தோடு பின்னிப் பிணைந்தது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று ஏடுகள் எண்ணும். அந்த எண்ணிக்கையையும் ஏடுகள் கூறும் பலனையும் ஆராய்ந்தே ஏற்கவேண்டும் என்பது நம் கருத்து. ஆயினும் அக்கலையில் பாராட்டத்தக்க முறை ஒன்று உண்டு. அடியைக் கற்பவன் அடிபட்டவனைத் தேற்றும் இளக்குமுறையையும் கற்றாகவேண்டும். முடக்கத் தெரிந்த கைக்கு எழுப்பவும் தெரியவேண்டும். கொலைக் கருவியாக மட்டும் அதைக் கண்டவர்கள் அதன் பாதியையே கண்டவர்கள்.

முதற்படம் அந்தப் பாதியோடு நின்றது. எனினும் கலை என்னும் எல்லையைத் தாண்டவில்லை. இரண்டாம் படமோ அதை மந்திரமாக்கிவிட்டது. விரல் பட்டதும் குதிரையாவது, பேய் பிடித்ததும் ஆடுவது: இரண்டுக்கும் என்ன வேறுபாடு? மந்திரித்த தாயத்தும் சூனிய வைப்பும் ஒழியவேண்டுமென்று ஊர் ஊராகப் பேசிய இயக்கத்தின் பிள்ளைகள் நாம். கமல்ஹாசனோ தம் கடவுள் மறுப்பை மறைக்காத பகுத்தறிவாளர். அவர் கையாலேயே இம்மாய வேலை நடக்கவேண்டுமா? இயக்குநருக்கு இது புதிதன்று. 2005-இல் வந்த 'அந்நிய'னில் கருட புராணத்துத் தண்டனைகளை எடுத்து, சாலையில் எச்சில் துப்புவது போன்ற தவறுகளுக்கெல்லாம் அச்சம் ஊட்டினார். அன்று புராணம், இன்று வர்மம்; தண்டனை வானத்திலிருந்து வந்து விழவேண்டும் என்னும் எண்ணம் மட்டும் மாறவில்லை.

நம் பகுதிச் சிலம்ப வாத்தியார் ஒருவரிடம் இதுபற்றிப் பேசினோம். எழுபதுக்கு மேற்பட்டவர். மாலைவேளைகளில் திடலில் பிள்ளைகளுக்குக் கம்பு சொல்லித்தருகிறார். நாற்காலியில் அமர்ந்தபடிதான் சொல்லித்தருகிறார், முழங்கால் ஒத்துழைப்பதில்லை. படத்தைப் பேரன் அலைபேசியில் காட்டினானாம். "கம்பு சுத்துறது கைன்னு நெனக்கிறாங்க தம்பி. காலுதான் சுத்துது. காலு போனப்புறம் கம்பு கண்ணுக்கு வந்துடும். இதோ, அந்தப் பையன் வலது காலை முன்னாடி வைக்கப் போறான், அடி வாங்கப் போறான், பாருங்க" என்றார். பார்த்தோம். அவர் சொன்ன கால், சொன்ன அடி! 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது அவருக்குப் பெருமகிழ்ச்சி. படத்தைப்பற்றி மேலும் கேட்டோம். "அந்தத் தாத்தாவை உக்கார வெச்சிருக்கலாம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

உட்கார வைத்துப் பார்த்த படம் ஒன்று உண்டு. இராயபுரம், தண்டையார்ப்பேட்டைப் பக்கத்துக் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப்பற்றி 2021-இல் வந்த 'சார்பட்டா பரம்பரை'. அதில் பசுபதி ஏற்ற ரங்கன் வாத்தியார் ஒரு குத்தும் விடுவதில்லை. கயிற்றுக்கு வெளியே நிற்கிறார், பார்க்கிறார், இரண்டு சொல் சொல்கிறார். மேடையில் எத்தனை இளைஞர்கள் மோதினாலும், கண் அவர் முகத்துக்கே போகிறது. 1976 சனவரி 31 அன்று கழக ஆட்சி கலைக்கப்பட்ட செய்தி மேடைவரை வந்து அவரைக் கைதுசெய்கின்ற இடத்தில், நம் அருகிலிருந்த முதியவர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நாளில் அவரும் இருந்திருப்பார். முதியவன் தோற்றாலும் மக்கள் அவனை மதிப்பார்கள். முதியவனாக இருக்க அவனுக்கு வெட்கமில்லை என்றால்.

"அப்படியானால் எம்.ஜி.ஆர்.?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி, விடை சொல்லாமல் நழுவக்கூடாத கேள்வி. வாத்தியார் என்று இந்த வட்டாரம் வாயார அழைத்த நடிகர். 1917-இல் பிறந்தவர். 1971-இல் 'ரிக்‌ஷாக்கார'னில் வண்டியில் அமர்ந்தபடியே கம்பு சுழற்றியபோது ஐம்பத்துநான்கு. 1976-இல் 'உழைக்கும் கர'ங்களில் மான்கொம்பு பிடித்தபோது ஐம்பத்தொன்பது. 1978-இல் வெளிவந்த அவருடைய கடைசிப் படத்தில் இளவரசன் சுந்தரபாண்டியனாக வந்தபோது அறுபது. அன்று கொட்டகை சிரிக்கவில்லை, ஆர்ப்பரித்தது. மக்கள் அறிவு அன்று உறங்கியதா, இன்று விழித்ததா?

அன்றைய கைதட்டல் முழுவதும் அறிவின் ஒலி என்று வாதிட நாம் வரவில்லை. பற்றும் இருந்தது, கண்மூடிய பற்றும் இருந்தது. பேத்தி வயதுப் பெண்ணோடு காதற்பாட்டுப் பாடும் பழக்கத்தைத் திரையுலகம் இன்னும் கைவிடவில்லை. அதற்கு வழிகாட்டியவர்களுள் அவரும் ஒருவர். ஆயினும் ஒரு வேறுபாட்டைக் காணாதிருக்க முடியாது. 1967 சனவரி 12 அன்று கழுத்தில் குண்டு பாய்ந்து அவருடைய குரல் பழுதுற்றது. பின்னர் வந்த படங்களில் வேறொருவர் குரலை இரவல் வாங்காமல், அந்தப் பழுதுற்ற குரலிலேயே பேசினார். காயம்பட்ட உடம்பு இது என்பதை ஒவ்வொரு சொல்லும் சொல்லிக்கொண்டிருந்தது. மக்கள் அதைக் கேட்டே கைதட்டினார்கள். கம்பும் வாளும் அவர் கற்றவை. மணிக்கட்டு சுழல்வது கண்ணுக்குத் தெரிந்தது. முகத்தை ஒப்பனை மறைத்திருக்கலாம். மணிக்கட்டை எந்த ஒப்பனையும் உண்டாக்கித் தரவில்லை. சேனாபதியின் மார்போ யாருடையது? கமல்ஹாசனுடையதா, கணிப்பொறியினுடையதா? பார்ப்பவனுக்கு அந்த ஐயம் பிறந்த கணத்திலேயே சண்டை செத்துவிடுகிறது. அதே படத்தில், வெளிவருமுன்னரே மறைந்துவிட்ட விவேக்கையும் நெடுமுடி வேணுவையும் கணிப்பொறியின் துணையோடு நடமாட விட்டிருக்கிறார்கள். இறந்தவர்களும் நடிக்கும் படத்தில் முதியவரின் உழைப்பை யார் தனியே பிரித்தறிவது? உண்மையாகவே அவர் பட்ட பாடு, ஒப்பனைக்காக அவர் இழந்த உறக்கம், எல்லாம் அந்த ஐயத்தில் கரைந்துபோயின. கலைஞருக்கு இழைக்கப்பட்ட அநீதியென்றே இதைச் சொல்வோம்.

1954-இல் பிறந்த மற்றொருவரை நினைத்துப் பார்க்கிறோம்: ஜாக்கி சான். நம் பிள்ளைகள் அவரை அயலாராகவே கருதுவதில்லை. 2010-இல் வந்த 'கராத்தே கிட்' படத்தில் அவர் ஆசானாக வருகிறார். சிறுவனை அடிக்க வந்த முரட்டுப் பிள்ளைகளை அவர் குத்துவதில்லை. ஒதுங்குகிறார், திருப்புகிறார், அவர்கள் அடி அவர்கள்மீதே விழுகிறது. வயதை மறைக்காமல், வயதையே வித்தையாக்கிக்கொண்டார். சேனாபதியின் இரு விரல் செய்யவேண்டிய வேலையும் அதுதானே?

மெய்யான சண்டைமேடைக்கு வந்தாலும் இதுவே கதை. எம்.ஜி.ஆர். பிறந்த அதே சனவரி 17-இல், இருபத்தைந்து ஆண்டு கழித்துப் பிறந்தவர் முகமது அலி. 1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் சென்னைக்கு வந்து, ஜிம்மி எல்லிசுடன் காட்சிச் சண்டை ஆடினார். ஓய்வு பெற்ற வீரராக, ஒளிக்காமல் வந்தார். வடசென்னையின் பழைய குத்துச்சண்டைக் குடும்பங்களில் அந்த வருகை இன்னும் திருவிழாவாகப் பேசப்படுகிறது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று, நரையைக் கருப்பாக்கி, எடையைக் குறைத்து, இளைஞனாக லாரி ஹோம்ஸ் முன் நின்றார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அவருக்குப் பயிற்சித் துணைவன். அவரை அடிக்க அவனுக்கே மனம் வரவில்லை என்பார்கள். பத்துச் சுற்றுக்குப் பின் பயிற்சியாளர் நிறுத்திவிட்டார். சென்னையில் கைதட்டிய உலகம் லாஸ் வேகாசில் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

படத்தில் நல்லதே இல்லையா எனின், உண்டு, ஓரிடத்தில் உண்டு. ஊரைத் திருத்துமுன் உன் வீட்டைத் திருத்து என்று சேனாபதி இளைஞர்களை ஏவுகிறார். சித்தார்த் ஏற்ற இளைஞன் தன் வீட்டிலேயே ஊழலைக் காண்கிறான், அதைக் காட்டிக்கொடுக்கிறான், குடும்பம் சிதைகிறது, தாய் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அழைத்த அதே மக்கள், இப்போது கிழவரைத் திரும்பிப் போ என்று விரட்டுகிறார்கள். எத்தனை பெரிய கேள்வி இது! நேர்மையின் விலையை யார் கொடுப்பது? ஏவியவரா, ஏவப்பட்டவரா? இவ்வொரு கேள்வியில் நின்றிருந்தால், நூறு வயதும் தடையாயிராது. சிரித்த கொட்டகை தலைகுனிந்திருக்கும். நின்றார்களா? ஒற்றைச் சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். மக்கள் கதைத் தலைவரை வெறுத்து விரட்டும் படத்தை மக்களே விரட்டிவிட்டதில் ஒரு வேடிக்கைப் பொருத்தம் இருக்கிறது.

1949-இல் வெளிவந்த அண்ணாவின் 'வேலைக்காரி'யை இங்கே எண்ணாதிருக்க முடியவில்லை. தந்தையைச் சாவுக்குத் தள்ளிய செல்வரைப் பழிவாங்கக் கத்தியோடு புறப்படும் ஆனந்தனை, நண்பன் மணி தடுத்து, அறிவால் வெல்லும் வழிக்குத் திருப்புகிறான். முக்கால் நூற்றாண்டுக்கு முன் நம் திரையுலகம் கடந்துவந்த இடம் அது. கணிப்பொறியும் கோடிகளும் கைவந்தபின், மீண்டும் கத்திக்கே போய்விட்டோம். கத்திக்குப் பதில் விரல், அவ்வளவே. அந்த ஆனந்தனுக்கு ஒரு மணி இருந்தான். சேனாபதிக்கு நண்பன் எவனுமில்லை; பின்தொடர்வோர் மட்டுமே இருக்கிறார்கள்.

ஒரு கை வந்து காக்கும் என்பதை நம் பகுதி மக்கள் நம்பவில்லை என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. படம் வருவதற்கு ஏழு திங்களுக்கு முன்னர், 2023 டிசம்பரில், புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் கருநிறப் படலமாகப் படர்ந்தது. மீனவர்கள் வாளி கொண்டு அள்ளினார்கள். அத்திங்கள் முடிவதற்குள் அமோனியா வாயு கசிந்து, நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதாயிற்று. பந்தலிட்டு நாட்கணக்கில் அமர்ந்து போராடினார்கள். பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்தது. தாத்தா வரவில்லை, யாரும் அவரை அழைக்கவுமில்லை. அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள்தாம் இந்தப் படத்துக்கும் சீட்டு வாங்கினார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

இவ்வளவும் எழுதியபின், நம் கருத்துக்கு மாறான ஒரு கருத்தையும் எழுதாவிட்டால் நாம் நேர்மையற்றவர்களாவோம். நம் தெருக்கோடியில் வாழும் கைம்பெண் ஒருவர், படம் முழுவதையும் கண்ணீரோடு பார்த்தாராம். "எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. யாராவது ஒருத்தன் கேக்குறானேன்னு இருந்துச்சு" என்றார். முதியோர் உதவித்தொகை, திங்கள்தோறும் 1,200 ரூபாய்; அதற்காக ஓர் அலுவலகத்தில் அவரைப் பலமுறை அலையவிட்டிருக்கிறார்கள்; இடையில் ஒருவர் கையூட்டும் கேட்டிருக்கிறார். குதிரையாகி ஓடிச் செத்தவனைக் கண்டபோது அவருக்கு அந்த இடையாளின் முகம் தெரிந்ததாம். கலை நுட்பம் பேசும் நம் நா சற்றே அடங்கிற்று. அவருடைய சினம் பொய்யன்று. 1996-இல் கொட்டகையை அதிரவைத்த அதே சினம், இன்னும் தீராமல் அவரிடம் இருக்கிறது. அதை இந்தப் படம் பொய்க் குதிரையில் ஏற்றி அனுப்பிவிட்டதே என்பதுதான் நம் வருத்தம்.

முதற்படம் வந்த மறுஆண்டே, 1997-இல், தகவல் அறியும் உரிமைக்கெனத் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியது. விலக்குகள் மலிந்த சட்டமே. ஆயினும் இந்தியாவில் ஒரு மாநிலம் எடுத்துவைத்த முதலடி. 2005-இல் நாடு முழுமைக்கும் வலுவான சட்டம் வந்தது. சேனாபதி இல்லாத இருபத்தெட்டு ஆண்டில் மக்கள் கைக்கு வந்த கருவி அது. இரண்டரை மணி நேரத்தைத் தாண்டி ஓடிய படத்தில் அதற்கு ஓர் இடம் கிட்டவில்லை.

அவ்வம்மையாருக்காக ஒரு தாளெடுத்து, மனு எந்த நாளில் பெறப்பட்டது, யார் மேசையில் இருக்கிறது, ஏன் முடிவெடுக்கப்படவில்லை என்று மூன்று கேள்விகளை எழுதினோம். பத்து ரூபாய் வில்லை ஒட்டினோம். முப்பது நாளில் விடை தரவேண்டும் என்று விளக்கினோம். கையெழுத்திடும் இடத்தைக் காட்டியபோது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மெதுவாக எழுத்துக் கூட்டிக் கையெழுத்திட்டார். பிறகு நம்மைப் பார்த்துச் சிரித்தார்.

"அந்தத் தாத்தா வந்திருந்தா இவ்ளோ எழுத வேணாமே வாத்தியாரே" என்றார்.